ராஸ்பெர்ரி பையில் வைஃபை வேகம்: 22 மெகாபிட்டிலிருந்து 330 வரை

அக்கா இணைய வழியில் கணக்குப் பாடம் எடுக்கிறார். எல்லா வகுப்புகளையும் பதிவு செய்து வைப்பார். நாள் முடியும்போது அவருடைய கணினியில் 30 ஜிபி அளவுக்கு வீடியோ சேர்ந்திருக்கும். ஒருமுறை அந்தக் கணினியின் டிஸ்க் செத்துப்போய் மூன்று மாதப் பாடங்கள் மொத்தமாகப் போயின. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்த பிறகு, இரவுதோறும் தானாக நகலெடுக்கும் ஏற்பாட்டைச் செய்தே தீருவது என்று உட்கார்ந்தேன். மாடி அறையில் ஒரு ராஸ்பெர்ரி பை 4 (உள்ளங்கை அளவுச் சின்னக் கணினி), அதோடு ஒரு ஹார்ட் டிஸ்க். ரவுட்டர் கீழே இருக்கிறது. மாடிக்குக் கேபிள் இழுக்க வழியில்லை, வைஃபைதான்.

முதல் நாள் இரவு 30 ஜிபி போய்ச் சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. நடுவில் இரண்டு முறை இணைப்பு அறுந்தது. அளந்து பார்த்தால் நொடிக்கு 22 மெகாபிட். இப்போது அதே பை, அதே அறை, அதே ரவுட்டர், 330 மெகாபிட் வருகிறது. எப்படி வந்தது என்பதைச் செய்த வரிசையிலேயே சொல்கிறேன். முக்கால்வாசி வேலைக்குக் காசு செலவாகவில்லை. கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன்; டெர்மினலில் (கட்டளை தட்டும் திரையில்) தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள்.

உங்கள் போர்டால் எவ்வளவு முடியும்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் எதையும் தொடாதீர்கள். ஏனென்றால் சில போர்டுகளில் நீங்கள் தலைகீழாக நின்றாலும் ஒரு அளவுக்கு மேல் வராது.

2016-இல் வந்த பை 3-இலும், 2017-இல் வந்த ஜீரோ டபிள்யூவிலும், 2021-இல் வந்த ஜீரோ 2 டபிள்யூவிலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் உண்டு. ஒரே ஒரு ஆண்டெனா, 20 மெகாஹெர்ட்ஸ் அகலம். ஏட்டளவில் 72 மெகாபிட், கையில் கிடைப்பது நல்ல நாளில் 40 சொச்சம். ஜீரோ 2 டபிள்யூவின் பிராசஸர் நன்றாகவே ஓடும். அதனால் வைஃபையும் வேகமாக இருக்கும் என்று நினைத்து வாங்கிப் பலர் ஏமாந்திருக்கிறார்கள்.

2018-இல் வந்த பை 3பி பிளஸ், 2019-இல் வந்த பை 4, 2023-இல் வந்த பை 5 மூன்றிலும் ஒரே ரேடியோ சிப்தான் இருக்கிறது: சைப்ரஸ் சிஒய்டபிள்யூ43455. இது 5 கிகாஹெர்ட்ஸிலும் பேசும், 80 மெகாஹெர்ட்ஸ் அகலம் எடுக்கும், ஏட்டளவில் 433 மெகாபிட் காட்டும். ஆனால் பை 4-இல் இந்த 433-ஐ நம்ப வேண்டாம். சிப்பையும் பிராசஸரையும் இணைப்பது எஸ்டிஐஓ என்கிற பாதை. மெமரி கார்டு பேசுகிற அதே வகைப் பாதை இது. நான்கு கம்பி, 50 மெகாஹெர்ட்ஸ், ஆக மொத்தம் 200 மெகாபிட்தான் அதற்குள் போக முடியும். அதிலும் கட்டளைகளுக்கும் காத்திருப்புக்கும் ஒரு பங்கு போய்விடும். காற்றில் 433 பேசினாலும் உள்ளே நுழையும் வாசல் குறுகல். பை 3பி பிளஸ்ஸிலும் பை 4-இலும் உள்ளே இருக்கிற வைஃபையில் 100 மெகாபிட் பக்கம் வந்துவிட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொருள். அதற்கு மேல் வேண்டுமென்றால் ரேடியோவையே மாற்ற வேண்டும். பை 5-இல் இந்தப் பாதையை டிடிஆர்50 என்ற முறைக்கு உயர்த்தியிருக்கிறார்கள். கடிகாரத்தின் ஒவ்வொரு துடிப்புக்கும் இரண்டு முறை தரவு போகும். அதனால் அதே சிப் அங்கே கூடுதலாகத் தருகிறது.

இந்தக் கணக்கு தெரிந்த பிறகுதான் எனக்கு நிதானம் வந்தது. 22-ஐ 100 ஆக்குவது ஒரு வேலை. 100-க்கு மேல் போவது முற்றிலும் வேறு வேலை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டால் எதுவும் நடக்காது.

அளக்காமல் ஆரம்பிக்காதீர்கள்

இணையத்தில் இருக்கிற வேகச் சோதனைத் தளங்களை வைத்து இதை அளக்கக் கூடாது. அது உங்கள் இணைய இணைப்பையும் சேர்த்து அளக்கும். நமக்கு வேண்டியது பைக்கும் ரவுட்டருக்கும் நடுவில் இருக்கிற காற்றுவழி மட்டும். அதற்கு ஐபெர்ஃப்3 என்ற வேகம் அளக்கும் நிரல் போதும். ஆப்ட் (பையில் மென்பொருள் நிறுவும் கட்டளை) வழியாகவே நிறுவிக்கொள்ளலாம். பையில் ஐபெர்ஃப்3 ஹைஃபன் எஸ் என்று தட்டினால் அது சர்வராகக் காத்திருக்கும். இன்னொரு கணினியில் ஐபெர்ஃப்3 ஹைஃபன் சி என்று தட்டி, பக்கத்தில் பையின் ஐபி முகவரியைக் கொடுங்கள். பத்து நொடியில் எண் வந்துவிடும். கடைசியில் ஹைஃபன் சேர்த்துப் பெரிய ஆர் போட்டால் எதிர்த்திசையில் அளக்கும். இரண்டு திசையும் அளந்து பாருங்கள், அவை ஒன்றாக இருக்காது.

இங்கே நான் முதலில் தவறவிட்ட ஒரு விஷயம் இருக்கிறது. அக்காவின் கணினியும் வைஃபையில்தான் இருந்தது. அப்படியானால் ஒவ்வொரு துளித் தரவும் கணினியிலிருந்து ரவுட்டருக்கு ஒருமுறை, ரவுட்டரிலிருந்து பைக்கு ஒருமுறை என்று அதே சேனலில் இரண்டு தடவை காற்றில் பறக்க வேண்டும். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ஆக, கிடைப்பதில் பாதி அங்கேயே போய்விடும். அந்தக் கணினி ரவுட்டருக்குப் பக்கத்து மேஜையில்தான் இருந்தது. ஒரு கேபிளை எடுத்துச் செருகினேன். 22 என்றிருந்தது 37 ஆனது. மாடியில் இருந்த பையை அப்போது நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு முனைகளில் ஒன்றையாவது கேபிளுக்கு மாற்ற முடிந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். சோதனைக்காவது கட்டாயம் செய்யுங்கள்.

வேகத்தோடு சேர்த்து இன்னும் இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். பையில் ஐடபிள்யூ டெவ் டபிள்யூலான்0 லிங்க் என்று தட்டுங்கள். சிக்னல் என்ற வரியில் மைனஸ் குறியோடு ஒரு எண் வரும், டிபிஎம் என்ற சிக்னல் வலிமை அலகில். மைனஸ் 50 என்றால் மிக நன்று. மைனஸ் 65 வரை கவலையில்லை. மைனஸ் 70-ஐத் தாண்டினால் வேகம் விழத் தொடங்கும். 80 பக்கம் போனால் இணைப்பு அறுபடும். 3 டிபி குறைந்தால் வந்து சேரும் சக்தி பாதியாகிவிடும். அதனால் ஐந்தாறு டிபி என்பது சிறிய வித்தியாசம் இல்லை. அடுத்து டிஎக்ஸ் பிட்ரேட் என்ற வரி. ரேடியோ இப்போது எந்த வேகத்தில் பேச ஒத்துக்கொண்டிருக்கிறது என்பதை அது சொல்லும். அதில் பாதியோ கொஞ்சம் கூடுதலோதான் உண்மையில் கையில் கிடைக்கும். ஒப்புகைக்கும், அடுத்தவர் பேசி முடிக்கிற வரை காத்திருப்பதற்கும் மீதி போய்விடும்.

லிங்க் என்ற இடத்தில் இன்ஃபோ என்று தட்டினால் எந்தச் சேனல், எத்தனை மெகாஹெர்ட்ஸ் அகலம் என்பது தெரியும். என்னுடையது அன்றைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் இருந்தது. சிக்னல் மைனஸ் 71, பிட்ரேட் 58-க்கும் 65-க்கும் நடுவே குதித்துக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் மூன்று முறை அளந்து, நடு எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்தேன். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான். இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமலே போய்விடும்.

பெட்டியும் இடமும்

என் பை அழகான அலுமினியப் பெட்டிக்குள் இருந்தது. சூடு தணியும் என்று ஆசைப்பட்டு வாங்கியது. சூட்டை அது நன்றாகவே தணித்தது. ஆனால் ரேடியோ அலைக்கு உலோகம் சுவர் மாதிரி. பை 3பி பிளஸ்ஸிலும் அதற்குப் பின்னால் வந்தவற்றிலும் ஆண்டெனா என்று தனியாக ஒரு உறுப்பு கிடையாது. போர்டின் ஓரத்தில் செம்பு இல்லாமல் விட்ட சின்ன முக்கோண வடிவம் இருக்கிறதே, அதுதான் ஆண்டெனா. பெட்டியின் உலோகம் அந்த முக்கோணத்தை மூடாமல் இருக்க வேண்டும், அதன் எதிரே வேறு உலோகமும் வரக் கூடாது. மூடியைக் கழற்றி வைத்து அளந்தேன். மைனஸ் 71 என்றிருந்தது மைனஸ் 63 ஆனது. பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றி, சின்ன விசிறி ஒன்றை வைத்துவிட்டேன்.

அப்புறம் பையை இரும்பு அலமாரியின் உள் தட்டிலிருந்து எடுத்து, ரவுட்டர் இருக்கும் பக்கமாக ஒரு மரப் பலகையில் வைத்தேன். ஒரு அடி நகர்த்தினாலே எண் மாறும். சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் அலைகள் ஒரு இடத்தில் கூடும், இன்னொரு இடத்தில் ஒன்றை ஒன்று அழிக்கும். அதனால் பையைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று நான்கு இடங்களில் லிங்க் கட்டளையைத் தட்டிப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

இதற்குப் பிறகும் ஒரு புதிர் மிச்சமிருந்தது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினால் வேகம் ஏறும், செருகினால் இறங்கும். காரணம் யூஎஸ்பி 3. அதன் கம்பிகளில் 5 கிகாபிட் வேகத்தில் ஓடும் தரவு 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் மேலேயே இரைச்சலைக் கொட்டும். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து ஆவணமாக வெளியிட்டிருக்கிறது. டிஸ்க்கின் கேபிள் தரமற்றதாக இருந்தாலும், டிஸ்க் போர்டுக்குப் பக்கத்திலேயே இருந்தாலும் இரைச்சல் கூடும். கவசம் உள்ள நல்ல கேபிளைப் போட்டு டிஸ்க்கை இரண்டடி தள்ளி வைத்தேன். நன்றாகவே அடங்கியது. மானிட்டர் இணைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பை 4-இல் சில திரைத் தெளிவுகளில், குறிப்பாக 2560-க்கு 1440-இல், எச்டிஎம்ஐ சமிக்ஞையே 2.4 கிகாஹெர்ட்ஸைக் கெடுக்கும் என்று பை 4 வந்த ஆண்டே தெரிந்துவிட்டது. தெளிவை மாற்றிப் பாருங்கள், அல்லது நேராக 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போய்விடுங்கள்.

5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவது

எனக்குப் பெரிய மாற்றம் தந்தது இதுதான். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் அந்த மூன்றில்தான் நெருக்கியடிக்கும். புளூடூத் அங்கேதான், மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், யூஎஸ்பி 3 இரைச்சலும் அங்கே எட்டாது. குறை என்னவென்றால் சுவர்களைத் தாண்டும்போது அது சீக்கிரம் மெலிந்துவிடும். ஒரு தளம், ஒன்றிரண்டு சுவர் என்றால் தயங்காமல் மாறுங்கள்.

இரண்டு பட்டைக்கும் ரவுட்டர் ஒரே பெயர் வைத்திருந்தால் பை பெரும்பாலும் 2.4-இல் போய் ஒட்டிக்கொள்ளும், அங்கே சிக்னல் தடிமனாகத் தெரிவதால். ரவுட்டரில் இரண்டுக்கும் வேறு வேறு பெயர் கொடுக்கலாம். அதைத் தொட முடியாவிட்டால் பையிலேயே கட்டிப்போடலாம். 2023-இல் வந்த புக்வார்ம் பதிப்பிலிருந்து ராஸ்பெர்ரி பை ஓஎஸ் நெட்வொர்க் மேனேஜரைப் பயன்படுத்துகிறது. என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் மாடிஃபை என்று தட்டி, உங்கள் இணைப்பின் பெயரைக் கொடுத்து, 802-11-வயர்லெஸ்.பேண்ட் என்பதற்கு ஏ என்ற மதிப்பைக் கொடுங்கள். ஏ என்றால் 5 கிகாஹெர்ட்ஸ், பிஜி என்றால் 2.4. இணைப்பை ஒருமுறை இறக்கி ஏற்றினால் போதும்.

5 கிகாஹெர்ட்ஸ் பெயரே பட்டியலில் வரவில்லையா? நாட்டுக் குறியீட்டைப் பாருங்கள். எந்தச் சேனலில் எவ்வளவு சக்தியோடு பேசலாம் என்பது நாட்டுக்கு நாடு வேறு. பை எந்த நாட்டில் இருக்கிறது என்று சொல்லாவிட்டால் அது பயந்து பயந்துதான் பேசும். ராஸ்பி-கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியில் லோக்கலைசேஷன் பகுதிக்குப் போய் வைஃபை நாட்டை வையுங்கள். ஐடபிள்யூ ரெக் கெட் என்று தட்டினால் எந்த நாடு பதிந்திருக்கிறது என்று காட்டும். உண்மையில் இருக்கிற நாட்டையே வையுங்கள். வேறு நாட்டை வைத்தால் உங்கள் ரவுட்டர் பேசுகிற சேனல் பைக்குத் தெரியாமல்கூடப் போகலாம், சட்டப்படியும் அது தவறு.

ரவுட்டர் பக்கம் மூன்று விஷயம் பாருங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் அகலம் 80 மெகாஹெர்ட்ஸ் என்று இருக்கட்டும். 160 வைத்தாலும் பையின் உள் ரேடியோவுக்கு அது பயன்படாது. சேனலைத் தானியங்கியில் விடாமல் ஒன்றைத் தேர்ந்து வையுங்கள். 52-இலிருந்து 144 வரை உள்ள சேனல்கள் பெரும்பாலான நாடுகளில் ரேடாரோடு பகிர்ந்துகொள்பவை. ரேடார் சத்தம் கேட்டால் ரவுட்டர் அந்தச் சேனலை விட்டு ஓடிவிடும், இணைப்பும் நின்று வரும். இரவு முழுக்க ஓடும் நகலுக்கு அது ஆகாது. நான் 36-இல் நிறுத்தினேன். மூன்றாவது, பாதுகாப்பு முறை. பழைய ரவுட்டரில் டிகேஐபி என்று இருந்தால் உடனே ஏஇஎஸ்ஸுக்கு மாற்றுங்கள். 802.11என் என்ற வைஃபை தரத்தின் வேகங்களை டிகேஐபியோடு பயன்படுத்த அந்தத் தரமே அனுமதிப்பதில்லை. அதனால் எவ்வளவு புதிய கருவியானாலும் 54 மெகாபிட் என்ற பழைய வேகத்துக்கு விழுந்துவிடும்.

இவ்வளவும் முடித்து அளந்தேன்: சிக்னல் மைனஸ் 61, பிட்ரேட் 292, ஐபெர்ஃப்3-இல் 94 மெகாபிட். 30 ஜிபி முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. உள் ரேடியோவின் எல்லை இது என்று முன்பே சொன்னேன் அல்லவா, அதைத் தொட்டாயிற்று. பலருக்கு இதுவே போதும். இத்தோடு நிறுத்திக்கொண்டாலும் நஷ்டமில்லை.

பவர் சேவ் (மின்சாரம் மிச்சம் பிடிக்க ரேடியோ இடையிடையே தூங்கும் வசதி) பற்றி ஒரு குறிப்பு. இதை அணைத்தால் வேகம் பறக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். பெரிய கோப்பை நகலெடுக்கும்போது அதனால் பெரிய வித்தியாசம் இல்லை, ஏனென்றால் ரேடியோ அப்போது தூங்குவதே இல்லை. ஆனால் எஸ்எஸ்எச்சில் (இன்னொரு கணினியிலிருந்து பைக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) தட்டும்போது எழுத்து திக்கித் திக்கி வந்தாலோ, பிங் நேரம் (ஒரு செய்தி போய்த் திரும்பும் நேரம்) ஐந்து மில்லிநொடியிலிருந்து நூறுக்கும் மேலே தாவினாலோ அதற்கு இதுதான் மருந்து. முன்பு சொன்ன அதே என்எம்சிஎல்ஐ கட்டளையில் 802-11-வயர்லெஸ்.பவர்சேவ் என்பதற்கு 2 என்ற மதிப்பு கொடுத்தால் நிரந்தரமாக அணையும்.

டாங்கிள் வாங்குவதானால்

94-ஐ வைத்து நான் நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் அக்கா சில நாள் இரவு பதினொரு மணி வரை வகுப்பு எடுத்துவிட்டுக் கணினியை அணைத்துவிட்டுப் போவார். நகல் முடிகிற வரை காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கால் மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். அதனால் யூஎஸ்பி டாங்கிள், அதாவது யூஎஸ்பி துளையில் செருகும் வைஃபை கருவி, தேடினேன்.

டாங்கிளில் பெயரையோ பெட்டியில் அச்சிட்ட எண்ணையோ பார்க்காதீர்கள், உள்ளே இருக்கிற சிப் எது என்று பாருங்கள். பை ஓஎஸ்ஸின் மையமான லினக்ஸ் கர்னலிலேயே டிரைவர் (கருவியை இயக்கும் நிரல்) இருக்கிற சிப்பைத்தான் வாங்க வேண்டும். முதலில் நான் வாங்கியது அப்படிப்பட்டது இல்லை. லினக்ஸில் ஓடும் என்று பெட்டியில் எழுதியிருந்தது. பொய் என்று சொல்ல முடியாது. யாரோ ஒருவர் தனியாக எழுதி வைத்த டிரைவரை இறக்கி, பையிலேயே கம்பைல் செய்தால் ஓடியது. மூன்று வாரம் நன்றாக ஓடியது. ஒருநாள் அப்டேட் போட்டேன், கர்னல் மாறியது, டிரைவர் அதோடு ஒட்டவில்லை. பை வலையிலிருந்து காணாமல் போனது. நான் அப்போது ஊரில் இல்லை. இரண்டு நாள் பாடங்கள் நகலாகவில்லை. அந்த இரண்டு நாளும் அக்காவின் டிஸ்க் ஒழுங்காக இருந்தது, அவ்வளவுதான் பாக்கியம். மாடியில் தனியாக ஓடுகிற பெட்டிக்கு இந்த வகை டிரைவர் கூடவே கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

நான் பரிந்துரைப்பது மீடியாடெக் சிப்புகள். எம்டி7612யூ இரண்டு ஆண்டெனா, 5 கிகாஹெர்ட்ஸில் 867 மெகாபிட் வரை பேசும். இதன் டிரைவர் 4.19 கர்னலிலிருந்தே உள்ளே இருக்கிறது. வைஃபை 6 வேண்டுமானால் எம்டி7921ஏயூ. இது 5.18 கர்னலிலிருந்து உள்ளே இருக்கிறது, 1200 மெகாபிட் வரை பேசும், ரவுட்டரும் வைஃபை 6 ஆக இருக்க வேண்டும். ரியல்டெக் சிப்புகளிலும் சிலவற்றுக்கு 6.2 கர்னலிலிருந்து உள்ளேயே டிரைவர் வந்துவிட்டது. இருந்தாலும் எந்தச் சிப், எந்தக் கர்னல் என்று ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்து வாங்குங்கள். ஒரே மாடல் பெயரில் பதிப்பு மாறும்போது உள்ளே சிப்பையே மாற்றிவிடுவது டாங்கிள் உலகத்தில் சகஜம். கைக்கு வந்ததும் செருகி எல்எஸ்யூஎஸ்பி என்று தட்டுங்கள். எம்டி7612யூ என்றால் 0இ8டி:7612 என்றும், எம்டி7921ஏயூ என்றால் 0இ8டி:7961 என்றும் பெரும்பாலும் வரும். 0பிடிஏ:1ஏ2பி என்று வந்தால் அது ரியல்டெக். விண்டோஸ் டிரைவர் வைத்த போலி சிடி டிரைவாகத் தன்னைக் காட்டிக்கொண்டிருக்கிறது. யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச் நிறுவினால்தான் வைஃபையாக மாறும். டிஎம்எஸ்ஜி கட்டளை காட்டும் கர்னல் செய்திகளில் ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஏற்றும் நிரல்) கிடைக்கவில்லை என்று வரி வந்தால், உங்கள் ஓஎஸ்ஸின் மீடியாடெக் ஃபர்ம்வேர் கோப்புகள் இருக்கும் பேக்கேஜை நிறுவ வேண்டும்.

எம்டி7612யூ வந்தது. செருகினேன், உடனே எழுந்தது. ஆசையாக அளந்தால் அதே 94.

அரை மணி நேரம் தேடிய பிறகுதான் புரிந்தது. உள் ரேடியோ டபிள்யூலான்0, டாங்கிள் டபிள்யூலான்1, இரண்டும் ஒரே வலையில் தனித்தனி முகவரியோடு இணைந்திருந்தன. நான் சோதித்தது பழைய முகவரியை. இரண்டு ரேடியோவும் ஒரே வலையில் இருந்தால் லினக்ஸ் தனக்குப் பிடித்த வழியில்தான் அனுப்பும். எனவே உள் ரேடியோவை முழுதாக அணைத்துவிடுங்கள். புக்வார்மில் பூட் கோப்புறைக்குள் ஃபர்ம்வேர் என்ற கோப்புறை இருக்கும். அதிலுள்ள கான்ஃபிக்.டிஎக்ஸ்டி கோப்பில் டிடிஓவர்லே=டிசேபிள்-வைஃபை என்று ஒரு வரி சேர்த்து மறுபடி பூட் செய்தால் போதும். பழைய பதிப்புகளில் அந்தக் கோப்பு நேராக பூட்டிலேயே இருக்கும். டாங்கிள் ஒழுங்காக இணைகிறது என்று உறுதி செய்த பிறகு மட்டும் இதைச் செய்யுங்கள், இல்லையென்றால் மானிட்டரும் விசைப்பலகையும் தூக்கிக்கொண்டு மாடி ஏற வேண்டியிருக்கும்.

மறுபடி அளந்தேன், 190. முன்னேற்றம்தான், ஆனால் எதிர்பார்த்த அளவு இல்லை. எல்எஸ்யூஎஸ்பி ஹைஃபன் டி என்று தட்டிப் பார்த்தேன். டாங்கிளுக்கு நேரே 480எம் என்று இருந்தது. அதாவது நீல நிற யூஎஸ்பி 3 துளையில் இருந்தும் யூஎஸ்பி 2 வேகத்தில் பேசிக்கொண்டிருந்தது. யூஎஸ்பி 3 பிளக்கில் பழைய நான்கு தொடுமுனைகள் முன்னாலும் புதிய ஐந்து பின்னாலும் இருக்கின்றன. மெதுவாகச் செருகினால் முன்னால் இருப்பவை முதலில் தொட்டு, யூஎஸ்பி 2 ஆகவே பதிவாகிவிடும். கழற்றி, ஒரே வீச்சில் அழுத்திச் செருகினேன். 5000எம் என்று மாறியது. வேகம் 270.

கடைசியாக, டாங்கிளை நேராகப் போர்டில் செருகாமல் ஒரு மீட்டர் யூஎஸ்பி 3 நீட்டிப்புக் கேபிளில் போட்டு, ஆண்டெனாவை நிமிர்த்தி வைத்தேன். போர்டையும் டிஸ்க்கையும் விட்டு விலகி ஆண்டெனாவுக்கு நல்ல இடம் கிடைத்தது. 330. மட்டமான நீட்டிப்புக் கேபிள் என்றால் மறுபடியும் 480எம்-க்கு விழும், அதனால் கேபிள் மாற்றும்போதெல்லாம் அந்தக் கட்டளையைத் தட்டிப் பாருங்கள்.

மின்சாரத்தை மறக்கக் கூடாது. பை 4-இன் நான்கு யூஎஸ்பி துளைகளும் சேர்ந்து 1.2 ஆம்பியர்தான் தரும். சுழலும் டிஸ்க்கும் டாங்கிளும் சேர்ந்தால் அதைத் தொட்டுவிடும். பை 5-இல் 5 ஆம்பியர் அடாப்டர் இருந்தால் 1.6 ஆம்பியர், 3 ஆம்பியர் அடாப்டர் என்றால் 0.6 மட்டுமே. விசிஜிஇஎன்சிஎம்டி கெட்_த்ராட்டில்டு என்று தட்டினால் 0x0 வர வேண்டும். வேறு எது வந்தாலும் மின்னழுத்தம் இறங்கியதா, சூடு ஏறியதா என்று பாருங்கள். இடையிடையே காரணமில்லாமல் அறுந்துபோகும் வைஃபைக்குப் பின்னால் பல நேரம் இந்த மின்னழுத்தக் குறைவுதான் இருக்கும். நான் டிஸ்க்குக்குத் தனி மின்சாரம் கொடுத்துவிட்டேன்.

பை 3பி பிளஸ் வைத்திருப்பவர்களுக்கு: உங்கள் யூஎஸ்பி துளைகள் எல்லாம் ஒரே யூஎஸ்பி 2 பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. டாங்கிளும் டிஸ்க்கும் சேர்ந்தால் அந்த 480-ஐப் பங்கு போட வேண்டும். லாபம் உண்டு, ஆனால் என் எண்களை எதிர்பார்க்காதீர்கள். ஜீரோ 2 டபிள்யூவுக்கு ஓடிஜி கேபிளில் (சின்ன யூஎஸ்பி துளையில் சாதாரண யூஎஸ்பி கருவியைச் செருக உதவும் கேபிள்) 5 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள் போட்டாலே பெரிய விடுதலை.

பை 5 வைத்திருந்தால் இன்னொரு வழியும் உண்டு. அதில் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பு இருக்கிறது. எம்.2 வைஃபை கார்டைப் பொருத்தும் துணைப்பலகை வாங்கி, இன்டெல் ஏஎக்ஸ்210 மாதிரியான கார்டைப் போடலாம். எஸ்எஸ்டிக்கான துணைப்பலகைகள் எம் கீ வகை, வைஃபை கார்டுக்கு வேண்டியது ஈ கீ வகை, பார்த்து வாங்குங்கள். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 என்று பார்க்க அதே மாதிரி இருக்கும் கார்டுகள் பையில் ஓடவே ஓடாது. அவற்றின் பாதி வேலையை இன்டெல் பிராசஸர்தான் செய்கிறது.

வைஃபை சரி, நகல் இன்னும் மெதுவா?

ஐபெர்ஃப்3 330 காட்டியும் அன்றிரவு நகல் எதிர்பார்த்த வேகத்தில் ஓடவில்லை. பிராசஸர் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் எச்டாப்பைத் திறந்து பார்த்தால் பையின் நான்கு கோர்களில் ஒன்று நூறு சதவீதத்தில் தவித்துக்கொண்டிருந்தது. நகல் எஸ்எஸ்எச் வழியாகப் போனது. எஸ்எஸ்எச் ஒவ்வொரு பைட்டையும் பூட்டி (என்கிரிப்ட் செய்து) அனுப்பும். பை 4-இன் பிராசஸரில் ஏஇஎஸ் என்ற பூட்டும் முறைக்கான தனி வன்பொருள் கிடையாது, பை 5-இல் உண்டு. எனவே பூட்டித் திறக்கும் வேலை முழுவதும் அந்த ஒரு கோர் தலையில். சாச்சா20 என்ற வேறு பூட்டும் முறையைத் தேர்ந்தெடுத்தால் கொஞ்சம் இலகுவாகும். வீட்டுக்குள்ளேயே போகிற தரவு என்பதாலும், வைஃபை ஏற்கெனவே பூட்டப்பட்டிருப்பதாலும் நான் நகலெடுக்கும் நிரலான ஆர்சின்க்கை எஸ்எஸ்எச் இல்லாமல் அதன் சொந்த டீமன் (பின்னணியில் ஓடும் சர்வர்) வழியாக ஓட விட்டேன். கடவுச்சொல் வைத்து, அக்காவின் கணினி முகவரிக்கு மட்டும் திறந்து வைத்திருக்கிறேன்.

மெமரி கார்டிலேயே எழுதுகிறவர்கள் அதன் எழுதும் வேகத்தையும் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். 330 மெகாபிட் என்றால் நொடிக்கு 41 மெகாபைட். பல கார்டுகள் அந்த வேகத்தில் எழுதாது, வைஃபையின் மேல் பழி விழும்.

நேற்று வகுப்பு 10.40-க்கு முடிந்தது. 31 ஜிபி, 13 நிமிடம். அக்கா தண்ணீர் குடித்துவிட்டு வந்து கணினியை மூடும்போது நகல் முடிந்திருந்தது.